கொல்லைச் சரிவுக்கு ஒரு தடுப்புச் சுவர்: திட்டமும் செலவுக் கணக்கும்

நீலகிரியில் வீடு கட்டிக்கொள்கிறவர் எவராயினும், வீட்டுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்து மகிழ்வதற்கு முன், வீட்டுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மண்மேட்டைப் பார்த்துச் சற்றே யோசிக்கக் கடமைப்பட்டவர். சமதரை என்பதே அபூர்வமான அந்த மலையில், குன்னூரிலாகட்டும் கோத்தகிரியிலாகட்டும் கேத்திப் பள்ளத்தாக்கிலாகட்டும், ஒரு வீடு உட்காருவதற்கு வேண்டிய இடத்தைச் சரிவை வெட்டித்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய மண்ணை முன்புறத்தில் கொட்டி மேடாக்கி அதன்மேல் பூச்செடி வைப்பதும், வெட்டுண்ட மண்முகத்தைப் பின்புறத்தில் அப்படியே வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இந்த அத்தியாயம் அந்தப் பின்புறத்து மண்முகத்தைப் பற்றியது.

2009-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் பதிவான ஒரு நாள் மழை 82 சென்டிமீட்டர். அந்த வாரத்தில் மாவட்டமெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அப்பேர்ப்பட்ட மழையை ஒரு கொல்லைச் சுவர் தனித்து நின்று தாங்கிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை; மலையே நகரத் தொடங்கினால் சுவரும் அதனோடு நகர்ந்துவிடும். ஆனால் ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற சாதாரண மழையிலேயே, எந்தப் பத்திரிகையிலும் இடம்பெறாமல், சமையலறைச் சன்னல்வரை வந்து படுத்துவிடும் சுவர்கள் அநேகம் உண்டு. அவற்றுள் பெரும்பான்மையானவை மண்ணின் பாரத்தினால் விழுந்தவை அல்ல. மண்ணுக்குள் வெளியேற வழியின்றித் தேங்கிய ஜலத்தினால் விழுந்தவை.

இதை வெறும் வாய்ச்சொல்லாக விடாமல் ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். அஸ்திவாரப் படுகைக்குமேல் 6 அடி உயரமும், அடியில் மூன்றரை அடியும் தலையில் ஒன்றரை அடியுமாக அகலமும் கொண்ட ஒரு கருங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் அடி நீளத் துண்டின் எடை சுமார் ஒரு டன். அந்த எடை தரையைக் கௌவிப் பிடித்துக்கொண்டு வழுக்காமல் நிற்கும் சக்தி அதில் பாதி, அதாவது 500 கிலோ என்று வைக்கலாம். பின்னாலிருக்கும் மண் உலர்ந்திருக்கையில் அந்த ஓரடித் துண்டைத் தள்ளும் விசை ஏறக்குறைய 300 கிலோ. ஆகவே சுவர் சௌக்கியமாக நிற்கிறது. அதே மண்ணில் தலைவரை நீர் நிரம்பிவிட்டால் தள்ளும் விசை 650 கிலோவைத் தாண்டிவிடுகிறது. கல் மாறவில்லை, மண் மாறவில்லை, கொத்தனாரின் கைவேலையும் மாறவில்லை. நீர் ஒன்று சேர்ந்ததும் நின்ற சுவர் நகரும் சுவராகிவிட்டது. செலவுக் கணக்குப் போடும்போது எந்த இனத்துக்கு முதற்பணம் ஒதுக்க வேண்டும், எந்த இனத்தை வேண்டுமானால் சுருக்கலாம் என்ற கேள்விக்கெல்லாம் விடை இந்த மூன்று எண்களில் அடங்கியிருக்கிறது.

இதை நான் கணக்கில் கற்பதற்கு முன் அனுபவத்தில் கற்றேன். கோத்தகிரிச் சரிவில் என் தகப்பனார் கட்டிய வீட்டின் கொல்லைச் சுவர் பதினோரு வருஷம் அசையாமல் நின்றது. பிறகு ஒரு கோடையில், வீட்டில் ஒரு கல்யாணம் வருவதை முன்னிட்டு, சுவருக்குச் சந்து பூசி வெள்ளையடிக்க ஆள் விட்டோம். வேலை முடித்தவர் கூலி வாங்க வந்தபோது, "சுவத்துல அங்கங்கே ஓட்டையிருந்து தண்ணி ஒழுகிப் பாசி பிடிச்சிருந்துச்சுங்க, எல்லாத்தையும் சிமெண்டு வெச்சு அடைச்சுட்டேனுங்க, இப்பப் பளிச்சுன்னு இருக்குது பாருங்க" என்று மிகுந்த திருப்தியோடு சொன்னார். எனக்கும் அப்போது திருப்தியாகவே இருந்தது. அந்தக் கார்த்திகையில் சுவரின் நடுப்பகுதி கர்ப்பிணியின் வயிறுபோல் முன்னுக்கு வந்தது. உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தால், குண்டு சுவரின் அடியிலிருந்து நான்கு விரல் விலகித் தொங்கிற்று. அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு வயோதிக மேஸ்திரியை அழைத்து வந்தேன், அவர் வந்து சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "ஓட்டை எங்கேங்க?" என்று மாத்திரம் கேட்டார். அடைத்த இடத்தை நான் காட்டியதும் உளியை வைத்து இரண்டு அடி அடித்தார். சிமெண்டு வில்லை தெறித்து விழுந்தது, அதன் பின்னாலேயே செம்மண் கலங்கிய ஜலம் முழங்கை நீளத்துக்குப் பீறிட்டுப் பாய்ந்தது. கால் மணி நேரத்தில் நிறம் தெளிந்தது. ஓட்டம் நிற்க மறுநாள் ஆயிற்று. அந்த நடுப்பகுதியைப் பிரித்துக் கட்ட நேர்ந்த செலவு, வெள்ளையடித்த செலவைப்போல் பல மடங்கு.

உயரத்தைப் பற்றி அடுத்தபடியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மனிதர்கள் மிகவும் ஏமாந்துபோவது அதில்தான். மூன்றடிச் சுவருக்கு இவ்வளவு செலவானால் ஆறடிச் சுவருக்கு அதைப்போல் இருமடங்கு ஆகும் என்று மனம் இயல்பாகக் கணக்குப் போடுகிறது. ஆனால் மண்ணின் அழுத்தம் மேலே ஒன்றுமில்லாமல் தொடங்கி ஆழம் ஆக ஆக வளர்வதால், உயரம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்காகிறது. பிரெஞ்சு ராணுவப் பொறியாளராகக் கோட்டை கட்டும் வேலையில் வருஷக்கணக்கில் உழைத்த கூலோம், 1773-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் சமர்ப்பித்த கட்டுரையில் இந்த மண்ணழுத்தத்தை ஆராய்ந்து வைத்தார். பின்னாளில் மின்சார சாஸ்திரத்தில் பெயர் பெற்ற அதே கூலோம்தான். சுவருக்குப் பின்னாலிருக்கும் மண்ணைப் பற்றி அவர் வகுத்த முறையை இன்றைக்கும் பொறியாளர்கள் கையாளுகிறார்கள். நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பிரயோஜனம் யாதெனில், இடம் இருக்குமானால் ஆறடிச் சுவர் ஒன்றைக் காட்டிலும் மூன்றடிச் சுவர் இரண்டைப் படியாகக் கட்டுவது பல சமயங்களில் சிக்கனம் என்பதே. அப்படிக் கட்டும்போது மேற்சுவர், கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது பின்தள்ளி நிற்க வேண்டும்; நெருங்கி நின்றால் மேற்சுவரின் பாரமும் கீழ்ச்சுவரின் தலையிலேயே விழுந்து, இரண்டாகக் கட்டியதன் லாபம் இல்லாமற்போகும். இடையில் கிடைக்கும் ஆறடிப் பாத்தியில் காரட்டோ பூச்செடியோ போட்டுக்கொள்ளலாம்.

திட்டம் தொடங்குவது அளவிலிருந்து. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இருபது முப்பது அடி நீளமுள்ள, உள்ளிருக்கும் நீர் கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் குமிழியில்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேட்டின் விளிம்பில் ஒருவரும் மறுமுனையை அடியில் நாட்டிய ஒரு கம்போடு சேர்த்து மற்றொருவரும் பிடித்துக்கொண்டால், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் இடத்தைக் கம்பில் குறித்து உயரத்தைத் துல்லியமாக எடுத்துவிடலாம். கண்ணளவில் ஐந்தடி என்று நினைத்த மேடு குழாயில் ஆறரை அடியாக இருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். பத்தடிக்கு ஓர் இடமாக இப்படி உயரம் எடுத்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மண்ணைப் பார்ப்பது. இயற்கையாகக் கிடக்கும் மண்ணுக்கும், எப்போதோ எவரோ கொட்டி நிரப்பிய மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உயிர்நிலையானது. இரண்டடிக் குழி ஒன்று தோண்டுங்கள். ஓட்டுச்சில்லும் பிளாஸ்டிக் தாளும் கண்ணாடித் துண்டும் அகப்பட்டால் அது கொட்டிய மண், அதன்மேல் அஸ்திவாரம் கூடாது. கடப்பாரை ஒரே குத்தில் முழங்கை ஆழம் இறங்கினாலும் அவ்வாறே. கடப்பாரை துள்ளுகிற கெட்டித் தளம் எந்த ஆழத்தில் வருகிறதோ அதுவரை வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேட்டின் தலையில், சரிவுக்கு இணையாக நீண்ட வெடிப்புகள் தெரிந்தாலும், அங்கிருக்கும் மரங்கள் அடியில் வளைந்து பின் நிமிர்ந்திருந்தாலும், அந்த மலைப்பக்கமே மெல்ல நகர்கிறது என்று பொருள். அங்கே சுவரைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு மண்ணியல் அறிந்த பொறியாளரை அழைக்க வேண்டும். மேட்டின் அடியில் கோடையிலும் காயாத ஈரம் இருந்தால் உள்ளே ஊற்று இருக்கிறது. அதற்குத் தனியாக வடிகால் வேண்டும்.

மேட்டின்மேல் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு பாரமும் சுவரைத் தள்ளும் கோஷ்டியில் சேர்ந்துகொள்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்பது ஒரு டன் பாரம். அண்டை வீட்டுக் கார் நிற்குமிடமும், பக்கத்து வீட்டின் அஸ்திவாரமும் இதில் சேர்த்தி. இவற்றிலும் அபாயகரமானது மேல்வீட்டின் கழிவுநீர்க் குழி. மழையில்லாத பங்குனியிலும் அது சுவருக்குப் பின்னால் மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். மேல்வீட்டாரிடம் முகம் கோணாமல் பேசி, அந்தக் குழியையோ குழாயையோ இடம் மாற்றுவதற்கு நம் கையிலிருந்து ஒரு பங்கு கொடுத்தாலும் அது நல்ல செலவு என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்க விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறாமல் ஜேசிபி முதலிய மண் வெட்டும் இயந்திரங்களை உபயோகிக்க முடியாது. சரிவில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆகவே மண்ணை ஆட்களைக்கொண்டு கையாலே வெட்டும் கூலியையே கணக்கில் வைப்பது விவேகம். உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து அனுமதி வருவதற்கு எடுக்கும் காலத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை நீடிப்பதால், தை பிறந்ததும் வேலை தொடங்கிச் சித்திரைக்குள் முடித்துவிடுவதே உசிதம். அப்படியானால் காகித வேலைகளை முந்தின ஆடியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

சுவரின் ஜாதியைத் தேர்ந்தெடுப்பதில், நாலு நாலரை அடிவரை சிமெண்டே சேர்க்காத அடுக்குக்கல் சுவர் போதும்; கல்லுக்குக் கல் சந்து இருப்பதால் நீர் எங்கும் தேங்காது. பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளின் ஓரத்தில் இத்தகைய அடுக்குச் சுவர்களை நடந்துபோகிறபோதே பார்க்கலாம். அதற்கு மேல் ஆறடிவரை சிமெண்டு கலவையில் கட்டிய கருங்கல் சுவர். அதற்கும் மேலே போகுமாயினும், தலையில் ஒரு வீடு இருக்குமாயினும், கம்பி கட்டிய கான்கிரீட் சுவரையோ கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கும் முறையையோ பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தர வேண்டும். மலைப்பிரதேசத் தடுப்புச் சுவர்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 14458 என்ற எண்ணில் வெளியிட்டிருக்கும் பிரமாணம் அவருக்குத் தெரிந்திருக்கும். பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் என்று நினைப்பவர்கள், ஒரு லாரி கல்லின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒன்றைமட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆறங்குல சிமெண்டுக் கல்லில் ஐந்தடிக்குச் சுவர் எழுப்பி அதன் பின்னால் மண் நிரப்புவது தற்போது மலிந்து வருகிறது, அது காம்பவுண்டுச் சுவரே ஒழியத் தடுப்புச் சுவர் அல்ல. மண்ணைத் தாங்குவதற்கு வேண்டிய எடையும் அதில் இல்லை, கம்பியும் இல்லை.

இனி செலவு. ரூபாய்க் கணக்கை இங்கே எழுதாமல் எண்ணிக்கைக் கணக்கையே எழுதுகிறேன், ஏனென்றால் கல்லின் விலையும் கூலியும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன, கன அடி மாறுவதில்லை. எண்ணிக்கை கையிலிருந்தால் எந்த ஊரிலும் எந்த வருஷத்திலும் விலை விசாரித்துப் பெருக்கிக்கொள்ளலாம். முன்னே சொன்ன அதே சுவரை 40 அடி நீளத்துக்கு வைத்துக்கொள்வோம்: தரைக்கு மேல் 5 அடி, தரைக்குக் கீழ் ஒன்றரை அடி, அந்த ஒன்றரையில் அரையடி கான்கிரீட் படுகை, ஓரடி கல்.

படுகையின் அகலம் 4 அடி, ஆகவே கான்கிரீட் 80 கன அடி. அதன்மேல் எழும் கல் கட்டு, சராசரி அகலம் இரண்டரை, உயரம் 6, நீளம் 40 எனப் பெருக்கினால் 600 கன அடி. சேதாரம் சேர்த்துக் கல் 7 யூனிட் வேண்டும். யூனிட் என்பது 100 கன அடி என்பதை வாசகர் அறிவார். கட்டுக்கலவை ஏறத்தாழ 200 கன அடி ஆகும். ஒன்றுக்கு ஐந்து விகிதத்தில் கலந்தால் அதற்கு சிமெண்டு 35 மூட்டை, படுகைக்கு 8 மூட்டை, சிந்தல் சிதறலுக்கு 3, ஆக 46 மூட்டை. எம் சாண்ட் சிறிது மிச்சத்தோடு 3 யூனிட். ஒன்றரை அங்குல ஜல்லி, படுகைக்கு முக்கால் யூனிட்டும், சுவருக்குப் பின்னால் ஓரடி கனத்தில் நிரப்பும் வடிகட்டிப் படலத்துக்கு 2 யூனிட்டுமாக, 3 யூனிட் தருவித்துக்கொள்ள வேண்டும். நீர்த் துளைகளுக்கு மூன்றங்குல பிவிசி குழாய், பத்தடி நீளத்தில் 5. அஸ்திவாரத்துக்கு மட்டும் தோண்டும் மண் 240 கன அடி. தோண்டியவுடன் அது நாலில் ஒரு பங்கு பெருத்து 300 கன அடியாகிவிடும், அதைக் கொண்டுபோய்க் கொட்ட அனுமதியுள்ள இடமும் வண்டியும் வேண்டும். ஓடையில் தள்ளிவிடலாம் என்ற எண்ணமே கூடாது. நம் கொல்லை மண் கீழ்வீட்டாரின் வாசலில் போய் நிற்கும்.

இந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ஒரு திகைப்பு உண்டாகும். கல், மணல், ஜல்லி, சிமெண்டு எல்லாமுமாக எடை ஐம்பத்தைந்து டன்னுக்குக் குறையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து லாரியில் வருவது ஒரு செலவு. லாரி நுழையாத சந்தின் வாயில் கொட்டப்பட்டு அங்கிருந்து படிகளில் இறங்கியோ ஏறியோ கொல்லைக்குப் போய்ச் சேர்வது இன்னொரு செலவு. ஒருவர் ஒரு நடைக்கு 25 கிலோ தூக்கினால் இரண்டாயிரம் நடைக்கு மேல் ஆகிறது. என் வீட்டுச் சுவரின் நடுப்பகுதியைப் பிரித்துக் கட்டியபோது, சும்மாட்டின்மேல் பாண்டுச் சட்டியோடு அறுபத்திரண்டு படிகளை ஏறி இறங்கிய பெண்கள், மூன்றாவது நாளே எந்தப் படி ஆடுகிறது என்று பார்க்காமலே கால் மாற்றி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். சாமானின் விலையை விசாரிக்கிறவர்கள் இந்தச் சுமைகூலியை விசாரிக்க மறந்துவிடுவதால்தான் மலைவீட்டுச் செலவுக் கணக்குகள் பாதியில் முறிந்துபோகின்றன. சாலையிலிருந்து கொல்லைவரை எத்தனை படி, எத்தனை அடி என்று எண்ணிக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

வேலைக்கூலியில், ஒரு கொத்தனார் நல்ல துணையாட்களோடு நாளொன்றுக்கு 30 கன அடி கல் கட்டுவார் என்று வைத்தால், 600 கன அடிக்கு இரண்டு கொத்தனார், ஆளுக்கு இரண்டு துணையாட்கள், பத்து நாள் ஆகும். வானம் தோண்டுவதும் படுகை போடுவதும் மண் நிரப்புவதும் தனி. ஒப்பந்தமாகக் கொடுப்பதானால் சுவர் முகத்தின் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவதை நான் ஒப்புவதில்லை. முகம் எப்படியும் கண்ணுக்குத் தெரியும், ஆகவே மெலிவதெல்லாம் முதுகுப் பக்கத்திலேயே மெலியும். கன அடிக்குப் பேசுங்கள். வானம் தோண்டி முடிந்ததும் படுகை போடுமுன் நீங்களே டேப்பைப் பிடித்து அளந்து, ஒப்பந்தக்காரரின் கையொப்பத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தையும் கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம்: படுகை முடிந்ததும் ஒரு பகுதி, பாதி உயரத்தில் ஒரு பகுதி, தலைமட்டத்தில் ஒரு பகுதி, கடைசிப் பகுதி, பின்புறத்து ஜல்லியும் மண்ணும் நிரம்பி மேல் வாய்க்காலும் போட்டு முடிந்த பிறகு. ஏனெனில் சுவர் தலைமட்டம் எட்டியதும் எல்லோருக்கும் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடும். மழைக்கான வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது.

கையிருப்பு போதவில்லை என்றால் எதைக் குறைப்பது? முகக்கல்லைச் செதுக்கிச் சதுரமாக்கும் கூலியைக் குறையுங்கள். மேல்விளிம்புக் கைப்பிடியையும் பெயிண்டையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். நாற்பதடியில் அவசரமான இருபத்தைந்தடியை இவ்வருஷம் கட்டுங்கள். அஸ்திவார ஆழத்தையும் அடியகலத்தையும் குழாயையும் ஜல்லியையும் குறைக்காதீர்கள். ஐந்து குழாயும் இரண்டு யூனிட் ஜல்லியும் சேர்ந்து மொத்தச் செலவில் சிறு பங்கே ஆகும். ஆனால் முன்சொன்ன 650 கிலோவை 300 கிலோவாக இறக்குவது அந்தச் சிறு பங்குதான். இவையெல்லாம் போக, உத்தேசத் தொகையில் ஆறில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். வானத்தில் பாறை குறுக்கிடும், ஊற்று தலைகாட்டும், எதிர்பாராத நாளில் மழை வந்து தோண்டிய குழியை மூடிவிடும்.

வேலை நடக்கிறபோது கவனிக்க வேண்டியவற்றில் உயிரைப் பற்றியதை முதலில் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில், வீடு கட்டுமிடத்தில் தடுப்புச் சுவருக்காகத் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே நின்ற பழைய கட்டடம் சரிந்து விழுந்து ஆறு பெண்கள் மாண்டார்கள். மழைக்காலமல்ல, நல்ல உலர்ந்த மாசம். சுவர் இல்லாத நேரத்தில் சரிவின் அடிமண்ணை அகற்றுவதுதான் இந்த வேலை முழுவதிலும் ஆபத்து மிகுந்த நேரம். ஆகவே நாற்பதடியையும் ஒரே மூச்சில் வெட்டாமல், எட்டடி பத்தடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி, வெட்டிய துண்டில் சுவரை எழுப்பிய பிறகே இடைத்துண்டைத் தொட வேண்டும். இதனால் வேலை சில நாள் நீளும், கூலியும் சற்று ஏறும். அதை ஆரம்பத்திலேயே கணக்கில் எழுதிவிடுங்கள். வெட்டிய மண்ணை மேட்டின் விளிம்பில் குவிக்கவும் கூடாது. அடியில் ஆள் நிற்கும்போது மேலே எவரும் கல் இறக்கவும் கூடாது.

கட்டில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. நாலைந்தடிக்கு ஒன்றாகச் சுவரின் அகலத்துக்குள் ஆழமாகப் போகும் நீளக்கல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் ஒரு சுவராகவும் முதுகு ஒரு சுவராகவும் பிரிந்து, நடுவில் சில்லும் கலவையும் நிரம்பிய வெறும் பெட்டியாகிவிடும். ஒரே நாளில் மூன்றடிக்கு மேல் ஏற்றக்கூடாது. துளைக் குழாய்கள் தரைக்கு ஓரடி மேலே முதல் வரிசையில் ஐந்தடிக்கு ஒன்றாக எட்டும், இரண்டரை அடி மேலே இரண்டாம் வரிசையில் முந்தினவற்றின் இடைவெளிகளுக்கு நேராக ஏழும், முன்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும்படி பதிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயின் பின்வாயிலும் கைப்பிடியளவுப் பெரிய கற்களைச் சுற்றி வைத்து, அதன் பின்னால் ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் மண் நுழையாத வடிகட்டித் துணி. கலவைக்குப் பத்து நாள் தண்ணீர் காட்டி, இரண்டு வாரமேனும் கழித்தே பின்னால் மண் நிரப்பலாம். அதுவும் அரையடி அரையடியாகக் கொட்டித் திம்சுக்கட்டையால் இடித்து. தலையில் ஒரு முழம் அகலத்துக்குக் களிமண் மூடி போட்டு, மேட்டிலிருந்து வரும் மழைநீர் சுவரைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விட ஒரு சிறு வாய்க்கால். அடியில், துளைகள் கக்கும் நீரை வாங்கிச் செல்ல இன்னொரு வாய்க்கால். அந்தச் சரிவின் மேல்பாகத்தில் ஒரு சாண் இடைவெளியில் வெட்டிவேர் நட்டால், நம் மொழியிலிருந்தே உலகம் பெயர் வாங்கிக்கொண்ட அந்தப் புல், ஆளுயரத்துக்கு மேல் ஆழமாக வேர் இறக்கி மண்ணைப் பின்னிக் கொள்ளும்.

சுவர் கட்டிய வருஷத்தின் முதற்பெருமழை வரும் இரவில், குடையும் டார்ச்சு விளக்கும் எடுத்துக்கொண்டு ஒருமுறை கொல்லைக்குப் போய்ப் பதினைந்து துளைகளையும் வரிசையாகப் பாருங்கள். அடிவரிசை ஒழுக வேண்டும். முதலில் சிறிது கலங்கலாக வந்து ஓரிரு மழையில் தெளிந்துவிட்டால் குறையில்லை. மூன்றாவது நாளும் செந்நீராகவே வருமானால் பின்னால் வடிகட்டித் துணி எங்கோ கிழிந்து மண் கரைந்து போகிறது, அந்த இடத்தை மழை விட்டதும் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்துத் துளைகள் ஒழுக ஒன்று மட்டும் உலர்ந்திருந்தால், ஒரு நீளக் கம்பியை உள்ளே விட்டு மெல்லக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் கலவைக் கட்டியோ, கூடு கட்டிய குளவியோதான் அடைத்திருக்கும்.